வெண்ணெய்நல்லூர்ச் சபையும் பழைய ஆவணமும்

திருத்தொண்டர் புராணத்தை நாடோறும் ஓதியும் கேட்டும் வரும் சைவ நன்மக்களிடம் இக்காலத்து இளைஞர் ஒரு வினாவை எழுப்புகின்றனர். புராணம் வரலாறாகுமா என்பதே அவ்வினா. அதனை நிந்தையெனக் கொண்டு வினாவினாரைக் கடிந்து வாய்மூடச் செய்வாரும் உளர். வினாவுக்கு அஞ்சிப் புராணம் முழுவதையும் புலவர் கற்பனையென விட்டுவிடுவாரும் உளர். இருதிறத்தாரும் செய்யும் பிழை ஒன்றே. அது சான்றினை ஆராயாமை என்க. அளவையின்றிப் பொருளைத் துணிதல் ஆகாதென்பது சித்தாந்தத்தின் முதற்பாடம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதியிலக்கணங் கூறப் புகுமுன்னரே அளவையிலக்கணம் வகுத்தார். பொருளை அறியும் வழிகள் பலவாகப் பிறர் கூறினும், அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. ஆதலின் சான்று கேட்பார் நம் பகைவரல்லர்; நம் நூல் நெறியிலேயே நிற்பவர் ஆவர்.

இவ்வுண்மையை விளக்குதற்குச் சேய்மைக்கண் செல்லவேண்டுவதில்லை. பெண்ணையாற்றின் தென்பால் அமைந்த திருவெண்ணெய்நல்லூர் ஒன்றே அமையும். அவ்வூர்ச் சபையில் இறைவன் வழக்காளியாய் நின்றான் என்பதும், சான்று காட்டியே வென்றான் என்பதும் நாம் அறிந்தவை. அறிந்த அச்செய்தியுள் நாம் கருதாது விட்டவை சில உள. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நாடும் ஊரும்

சென்னையினின்று தென்றிசை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை அடைகின்றது. திந்திரிணி என்னும் வடசொல் புளியமரத்தைக் குறிக்கும். திண்டிவனம் புளியங்காடு என்பதாம். அதனைச் சூழ்ந்த நிலம் பண்டு ஓய்மாநாடு எனப்பட்டது. சிறுபாணாற்றுப்படை கொண்ட நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அவனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு கூறாய் விளங்குகின்றது. அதற்குத் தெற்கே பெண்ணையாறு பாயும் நிலப்பரப்பே திருமுனைப்பாடி நாடு. திருநாவுக்கரசரையும் சுந்தரரையும் சைவ உலகிற்கு ஈந்த பெருமை இந்நாட்டிற்கு உரியது. சுந்தரர் தோன்றிய திருநாவலூர், 2019ஆம் ஆண்டிற் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் அதனைச் சார்ந்தது. அவர் ஆட்கொள்ளப்பெற்ற திருவெண்ணெய்நல்லூர் விழுப்புர மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள திருக்கோயிலின் பெயர் அருட்டுறை என்பது. அக்கோயிலில் வழக்குத் தீர்த்த மண்டபம் எனப் பெயர் வழங்கும் மண்டபம் ஒன்றும் உண்டு. வழக்கொன்று நிகழ்ந்த இடமென மக்கள் நினைவில் வாழும் திருக்கோயில் இது.

நாயனார் வாக்கும் சேக்கிழார் வாக்கும்

வரலாறு ஆராய்வார் முதற்கண் செய்யத்தக்கது, எச்செய்தி எவர் வாயிலாக எக்காலத்து வந்ததென்று பகுத்துணர்தலாம். சேக்கிழார் சுவாமிகள் இரண்டாங் குலோத்துங்கன் காலத்தவர். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை நடந்தது. சுந்தரமூர்த்தி நாயனாரோ அவருக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவர். எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியினர் என்பாரும், ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பாரும் ஆராய்ச்சியாளருள் உளர். எங்ஙனமாயினும் நிகழ்ச்சிக்கும் புராணத்துக்கும் இடையே முந்நூறாண்டேனும் கழிந்தன என்பது தெளிவு. இங்ஙனமாகச் சபை, ஓலை என்பன பிற்காலத்துப் புலவர் புனைந்தவை அல்லவோ என்று ஒருவர் ஐயுறலாம்.

அவ்வையத்தை அகற்றுவது நாயனார் திருவாக்கே. திருநாவலூர்ப் பதிகத்தில் அவர் வெண்ணெய்நல்லூரில் தாம் ஆட்கொள்ளப்பெற்றமையைக் கூறுகின்றார். அந்நாளிற் சபையின் முன் வன்மொழி பேசியதும், அதுபற்றியே வன்றொண்டன் என்னும் வாழ்வு தமக்குக் கிடைத்ததும் அப்பதிகத்திலேயே வருகின்றன. திருநள்ளாற்றுப் பதிகத்தில் இறைவன் வெண்ணெய்நல்லூரிற் பழைய ஆவணம் காட்டித் தம்மை அடிமைகொண்ட அற்புதத்தைப் பாடுகின்றார். ஆகவே ஊர், சபை, சொற்போர், ஆவணம் என்னும் நான்கும் நிகழ்ச்சிக்கு உரியவராகிய நாயனாரே கூறியவை. இவற்றைப் பிற்காலத்தார் கட்டினர் என்றல் பொருந்தாது.

இனி, ஓலையின் வாசகம், சபையோர் வினாவிய முறை, கையெழுத்தை ஒத்துப்பார்த்த வகை ஆகியவை நாயனார் வாக்கில் இல்லை. அவை சேக்கிழார் வாக்கிலேயே விரிவுறுகின்றன. இதனை மறைக்கவேண்டுவதில்லை. சோழப் பேரரசின் அமைச்சராய் வீற்றிருந்தவர் சேக்கிழார் என்பது மரபு. ஊர்ச்சபையின் நடைமுறை அவர் கண்ணாரக் கண்டதாகும். பழஞ்செய்தியை உடம்பாகக் கொண்டு, தம் காலத்து நீதிமுறையை அதற்கு உடையாக அணிந்தார் எனக் கொள்ளின் இழுக்கொன்றுமில்லை. அங்ஙனங் கொள்வோர்க்கு இரட்டைப் பயன் உண்டு. நாயனார் வாழ்வின் உண்மையும் தெளிவாம்; பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சபைகள் எவ்வாறு வழக்காராய்ந்தன என்பதும் விளங்கும்.

வழக்கு நடந்த முறை

புத்தூரில் மணக்கோலத்துடன் இருந்த நம்பியாரூரர் முன் முதிய வேதியர் ஒருவர் வந்து, உனக்கும் எனக்கும் பழைய வழக்கொன்று உண்டு, அதனை முடித்தபின் மணஞ்செய்க என்றார். இவன் என் அடிமை என்பதே அவ்வழக்கு. அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் உண்டோ, இவர் பித்தரோ என நம்பி நகைத்தார். முதியவர் ஓலை உண்டென்றார். நம்பி ஓடிப் பற்றி அதனைக் கிழித்தெறிந்தார். உமது இருப்பிடம் வெண்ணெய்நல்லூராயின் அங்குச் சென்றே வழக்காடுக என்ற சொல்லும் நம்பியின் வாயினின்றே பிறந்தது. எனவே, நடுவர் எவர் என்பதை வழக்கிடப்பட்டவரே தெரிந்துகொண்டனர் ஆயினர். தமக்கேற்ற சபையை வழக்காளி நாடினார் என்ற குறைக்கு இடமில்லாதவாறு இறைவன் திருவுள்ளங் கொண்டான் போலும்.

சபையோர் வேதியர் கூற்றைக் கேட்டவுடன் ஒப்பினாரல்லர். அந்தணர் அடிமையாதல் இவ்வுலகில் இல்லையே எனத் தடை எழுப்பினர். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றினால் உமது கூற்றை நிறுவுக என்றனர். ஆட்சி என்பது தொன்றுதொட்டு அநுபவித்து வரும் வழக்கம். ஆவணம் எழுத்துச் சான்று. காட்சி என்பது கண்டார் கூறுஞ் சான்று. யாஞ்ஞவல்கிய மிருதி வழக்கியலிற் பிரமாணமாகக் கூறும் லிகிதம், புக்தி, சாட்சி என்னும் மூன்றும் இவையே. அம்மிருதிக்கு மிதாட்சரம் என்னும் பேருரை கண்ட விஞ்ஞானேசுவரர், சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், அஃதாவது 1076க்கும் 1126க்கும் இடையில் வாழ்ந்தவர். அவருக்கு அடுத்த தலைமுறையிற் சேக்கிழார் பாடினார். தமிழ்ச்சொற்களால் அவர் அமைத்த அச்சபை அக்காலத்துப் பாரதநாடு முழுதும் ஏற்ற நீதிமுறையில் நின்றது என்பது இதனாற் பெறப்படும்.

முதியவர், இவன் கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் உளது என்றார். இதனையும் கிழியாவண்ணம் காப்பீராயின் காட்டுவேன் என்று உறுதி கேட்டார். சபையோர் உறுதி தந்தனர். சபைக் கணக்கன் ஓலையை ஏற்று விரித்துப் படித்தான். நாவலூர் ஆதிசைவனாகிய ஆரூரன் என்பான், தானும் தன் வழித்தோன்றல்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு வழிவழித் தொண்டு செய்வதாக, உள்ளும் புறமும் ஒத்து எழுதித்தந்தமை அதிற் கண்டது. நம்பி இகழ்ந்துரைத்த பித்தன் என்னும் பெயரே ஆவணத்தில் உடையவனது பெயராய் நின்றமை காண்க.

சபையோர் இவ்வளவில் அமைந்தாரல்லர். முதலாவதாக, ஓலையிற் சான்றாளர் இட்ட கையெழுத்துகளை ஆராய்ந்து ஒக்கும் என்றனர். இரண்டாவதாக, உம் பாட்டனார் எழுத்தாமோ என நம்பியையே பார்க்கச் சொன்னார்கள். பாட்டனது எழுத்தை இவன் எங்ஙனம் அறிவான், வேறு கைச்சாத்து இருப்பின் ஒப்புநோக்குக என்றார் முதியவர். மூன்றாவதாக, காப்பிடத்திலிருந்து அப்பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினர். எழுத்து ஒத்தது. அதன் பின்னரே நம்பி தோற்றீர் எனத் தீர்ப்புக் கூறினர்.

இன்றைய நீதிமன்றங்களிற் பழகுவோர் இப்பகுதியைப் படிப்பின் வியப்புறுவர். மூல ஆவணத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, ஐயமற்ற எழுத்தோடு ஐயமுற்ற எழுத்தை ஒப்புநோக்கல், உரிய காவலிலிருந்து வந்த பழைய ஆவணத்துக்கு மதிப்பளித்தல் ஆகிய மூன்றும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றவை. முப்பதாண்டு கடந்த ஆவணம் உரிய காவலிலிருந்து வெளிவரின், அதன் எழுத்து மெய்யென நீதிபதி கொள்ளலாம் என அச்சட்டம் விதித்தது. 2024 சூலை 1 முதல் அதனிடத்தைப் பாரதிய சாட்சிய அதிநியமம் ஏற்றது. சட்டத்தின் பெயர் மாறினும் இந்நெறிகள் மாறவில்லை. ஆங்கிலேயர் வந்தே நமக்குச் சான்றாராய்ச்சி கற்பித்தனர் என்பார் தடுத்தாட்கொண்ட புராணத்தை ஒருமுறை படிப்பாராக.

சபைகள் இருந்தனவா

இங்ஙனம் நெறி வழுவாத சபைகள் உண்மையில் இருந்தனவா, அன்றிக் காவியத்தில் மட்டும் வாழ்ந்தனவா என்பார்க்குக் கல்வெட்டுகள் விடை கூறும். பாண்டிநாட்டு மானூரிற் கி.பி. 800ஐ ஒட்டிய கல்வெட்டொன்று உளது. சபையில் அமர்ந்து பேசுதற்கு மந்திரப் பிராமணமும் தருமநூல் ஒன்றும் கற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. எடுத்த காரியம் எதற்கும் அன்று அன்று என்றே மறுத்து நிற்பார்க்கு ஐந்து காசு தண்டம் என்பதும் அதில் உண்டு. முதற்பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் உத்தரமேரூரிற் பொறித்த கல்வெட்டுகள், குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. நிலம், மனை, கல்வி, வயது ஆகிய தகுதிகளுடன், முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் நீக்கப்படுதலும் அவற்றிற் காணலாம்.

விழுப்புர மாவட்டத்துள்ளேயே எண்ணாயிரம் என்னும் ஊர் உண்டு. இராசராச சதுர்வேதிமங்கலம் என்று பெயர்பெற்ற அவ்வூரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு பெருங்கல்லூரியைக் குறிக்கின்றது. அங்கே கற்றோர் 340 மாணவர். கற்பித்தோர் 14 ஆசிரியர். அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 45 வேலி. இளமாணாக்கர் 270 பேரில் 40 பேர் ரூபாவதாரம் என்னும் இலக்கணம் பயின்றனர். ஏனையோரிற் பெரும்பாலோர் வேதம் ஓதினர். முதுமாணாக்கர் 70 பேரில் 25 பேர் வியாகரணமும், 35 பேர் பிரபாகர மீமாஞ்சையும், 10 பேர் வேதாந்தமும் கற்றனர். சொல்லின் பொருளைத் துணிதற்கும் விதியின் கருத்தை ஆராய்தற்கும் உரிய கலை மீமாஞ்சை. முதுமாணாக்கரிற் செம்பாதியினர் அதனைக் கற்ற நாட்டில், ஆவணத்தின் வாசகத்தை நுணுகி ஆராயும் சபை இருந்ததென்றல் வியப்பன்று.

அற்புதத்தால் வெல்லாமை

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலை எதுவென்று காண்பாம். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் மூவர் பாடல் பெற்ற தலம். அக்கோயிலில் வட்டப்பாறை என்பதொன்று உண்டு. அதன்மீது பொய்யாணை இட்டார் கெடுவர் என்பது மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. வேறு வழியால் தீராத வழக்குகளை அங்கு ஆணையிட்டுத் தீர்த்துக்கொள்வர். மிருதிநூலாரும், முற்கூறிய மூன்று சான்றும் இல்லாதவிடத்தே தெய்வச்சான்று கொள்ளத்தகும் என்றனர். மானிடச் சான்று அற்றவிடத்துத் தெய்வத்தை அழைத்தல் என்பது அந்நெறி.

வெண்ணெய்நல்லூரிலோ தெய்வமே நேரில் வந்து நிற்கின்றது. ஒருகணம் தன் திருவுருக் காட்டியிருப்பின் வழக்கு அக்கணமே முடிந்திருக்கும், நம்பி அடிவீழ்ந்திருப்பார், சபை எழுந்து தொழுதிருக்கும். இறைவன் அது செய்திலன். சபையோர் தடை எழுப்பியபோது வெகுண்டிலன். சான்று எங்கே என்றபோது நான் கூறுவதே சான்று என்றிலன். மூலவோலையைக் கையிற் கொடுத்தான். எழுத்தை ஒத்துப்பார்க்கக் காத்திருந்தான். தீர்ப்புக் கிடைத்த பின்னரும் சபையோர் விடவில்லை. ஆவணம் எங்கள் ஊரைக் குறிக்கின்றதே, இவ்வூரில் உமது மனை எங்கே, காட்டுக என்றனர். என்னை அறியாதீராயின் வருக என அழைத்துச் சென்று, அருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைந்தான். அற்புதம் நிகழ்ந்தது அப்பொழுதுதான்.

தீர்ப்பு முன்னும் அற்புதம் பின்னும் நிகழ்ந்த இம்முறை வைப்பே நாம் கருதத்தக்கது. மனிதர் அறிவுக்கு எட்டிய சான்றினால் மனிதர் சபையில் வென்ற பின்னரே இறைவன் தன்னைக் காட்டினான். எல்லாம் வல்லான் தன் வல்லமையைச் சான்றுக்கு மாற்றாகப் பயன்படுத்தவில்லை. இறைவனே மேற்கொள்ளாத குறுக்குவழியை இறைவன் பெயரால் நாம் மேற்கொள்ளலாமா? புராணத்துக்குச் சான்று கேட்பாரை நாத்திகர் என்று ஒதுக்குவோர் இதனைச் சிந்திப்பாராக.

சபையோரின் நடுநிலையும் எண்ணத்தக்கது. ஒருபால் நிற்பவர், நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னர் மகன்மை கொண்டு வளர்த்த செல்வர், மணக்கோலத்தர், கற்றவர். மறுபால் நிற்பவரோ ஊரார் முகமறியா முதியவர். தமக்குரிய மனையைக் காட்டத் தெரியாதவர். அரசன் வளர்த்த பிள்ளைக்கு எதிராக ஆதரவற்ற முதியவர் கூறுவதை அமர்ந்து கேட்டு, சான்றின்படி அவர்பால் தீர்ப்பளித்தது அச்சபை. நம்பியும் வழங்கிய தீர்ப்பை மறுத்திலர். விதிமுறை இதுவாயின் யான் இசையேன் என்றல் தகுமோ என்பதே அவர் கூறிய விடை. அருட்டுறையில் அவர் பாடிய முதற்பதிகத்தின் ஒவ்வொரு பாடலும், உனக்கு ஆளான யான் அதனை இனி மறுத்தல் முறையோ என்னும் கருத்திலேயே முடிதல் காண்க. சபையில் தோற்றவர் அளித்த ஒப்புதலே தேவாரத்துள் ஒரு பதிகமாய் நின்றது எனலாம்.

பொய்யோலை என்னும் தடை

ஈண்டுக் கூரிய தடையொன்று எழும். பாட்டனார் உண்மையில் அங்ஙனம் எழுதினாரா? எழுதவில்லையாயின் இறைவன் காட்டியது பொய்யோலை அல்லவோ? பொய்யோலையால் வென்றமை சான்றின் பெருமையாவது எங்ஙனம்?

இதற்கு விடை புராணத்தின் தொடக்கத்திலேயே உளது. திருக்கயிலையில் ஆலாலசுந்தரர் மண்ணிற் பிறக்குமாறு பணிக்கப்பட்டபோது, யான் மயங்குமிடத்துத் தடுத்தாண்டருளல் வேண்டும் என்று தாமே விண்ணப்பித்தார், இறைவனும் இசைந்தான். எனவே அடிமைக்கு இசைவு சுந்தரருடையதே. பிறப்பினால் அது மறந்துபோயிற்று. ஓலை எழுதினார் பெயர் ஆரூரன். ஓலையால் தொடரப்பட்டார் பெயரும் ஆரூரன். பாட்டனார் பெயரைப் பேரர் தாங்கியதால், ஆரூரன் எழுத்து என்று சபையிற் படிக்கப்பட்டபோது அவருடைய சொந்த இசைவே படிக்கப்பட்டது. இது கருத்தாற் கொள்ளும் பொருளேயன்றிக் கல்வெட்டால் நிறுவத்தக்கதன்று. வரலாற்றைச் சான்றாலும் தத்துவத்தைக் கருத்தாலும் கொள்ளுக. ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

சித்தாந்தப் பொருளும் இதனோடு இயைகின்றது. உயிர் இறைவனுக்கு அடிமை என்பது இடையில் வந்த உறவன்று, அநாதியே உள்ளது. ஆணவ மறைப்பால் உயிர் அதனை அறியாது, யான் எவர்க்கும் ஆளல்லேன் என்கின்றது. நினைவூட்டும் நூலுரையைக் கண்டால் வெகுண்டு கிழிக்கின்றது. கிழிபடுவது படியோலை, மூலவோலை கிழிவதில்லை. நாயனார் பழைய ஆவணம் எனக் கூறியது இத்தொன்மையை உட்கொண்டே என்க.

அடிமை என்னும் சொல்

மேற்கூறியதனினும் கடுமையான தடை ஒன்றுண்டு. இக்காலத்தார் பலர் அதனையே கேட்கின்றனர். மனிதனை மனிதன் அடிமைகொண்ட கொடுமையை இவ்வரலாறு புனிதமாக்குகின்றதன்றோ என்பர். இதனை மழுப்பிச் செல்லுதல் நேர்மையன்று.

அடிமையோலை கற்பனையன்று. சோழர் காலத்தில் மக்கள் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஆவணங்கள் உள. வாங்கினாருள் திருக்கோயில்களும் இருந்தன. மூன்றாங் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு தம்மை 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். அப்போது ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்லே விற்ற பஞ்சம். பசியே அவ்வோலையை எழுதுவித்தது. சேக்கிழார் காலத்துக்குப் பின் ஓரிரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது இது. அடிமைக்குச் சட்டத்தின் துணை இல்லையென ஆக்கியது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே. அத்துணைக் காலம் அக்கொடுமை நம் நாட்டில் நின்றது என்பதை ஒப்புக்கொள்வதே சைவர்க்கு அழகு. நம் கோயிற் கல்லிலேயே எழுதியிருப்பதை நாமே மறுப்பின், ஆவணத்தைக் கிழிக்கும் நம்பியினும் கடையராவோம்.

ஆயினும் புராணத்தின் போக்கு அக்கொடுமைக்கு எதிர்த்திசையிற் செல்வதை நோக்குக. திருப்பாம்புரத்தில் வறியவன் வலியார்க்கு ஆளானான். வெண்ணெய்நல்லூரிலோ அரசன் வளர்த்த செல்வர் ஆதரவற்ற முதியவர்க்கு ஆளாகின்றார். அந்தணர் அடிமையாகார் என்று பிறப்பின் உயர்வைக் காட்டி நம்பி தப்ப முயன்றார். அவ்வுயர்வு சபையிற் செல்லவில்லை. இறைவன் திருமுன் எவர்க்கும் பிறப்பால் விலக்கு இல்லையென்பது அதன் பொருள். எல்லா உயிரும் ஒருவனுக்கே ஆள் என்றால், ஓருயிரை மற்றோருயிர் ஆளாகக் கொள்ளுதற்கு இடமேது? அதே திருமுனைப்பாடி நாட்டில் தோன்றிய திருநாவுக்கரசர், சிவனுக்கு ஆளான தாம் வேறு எவர் ஆணைக்கும் உட்பட்டவரல்லர் என்று பல்லவவேந்தன் அழைப்பை மறுத்தார். சிவனடிமை என்பது மனிதர்க்கு அடிமையாகாமைக்குக் காப்பு என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். இவ்வுண்மை நம் முன்னோர் கையில் இருந்தும் அவர்கள் அதனை உலகியலிற் செலுத்தாது விட்டமை அவர் குறை. அக்குறையை நாமும் தொடர்தல் ஆகாது. இன்றும் கடனுக்காகக் குடும்பத்தோடு கொத்தடிமையாய் உழைப்பார் உளர் எனின், அவர்பொருட்டுக் குரல் கொடுக்கும் கடமை தடுத்தாட்கொண்ட புராணம் ஓதுவார்க்கு ஏனையோரினும் மிகுதி.

அன்றியும், அவ்வோலையின் முடிவு யாதாயிற்று என்பதையும் நோக்குக. உலகியல் ஓலை ஆளை ஆளாகவே வைக்கும். வெண்ணெய்நல்லூர் ஓலையோ ஆளைத் தோழனாக்கிற்று. வன்மொழியையே அருச்சனையாக ஏற்று, பித்தன் என்னும் சொல்லையே முதலாக வைத்துப் பாடப் பணித்த இறைவன், நம்பியைத் தம்பிரான் தோழர் என்று உலகம் அழைக்குமாறு செய்தான். தாசமார்க்கத்துக்குத் திருநாவுக்கரசரையும் சகமார்க்கத்துக்குச் சுந்தரரையும் எடுத்துக்காட்டுவது நம் மரபு. ஆவணத்தால் அடிமையானவர் ஒருவரே. அவரே தோழமைக்கு இலக்கியமாய் நின்றார்.

சபையிலிருந்து சாத்திரம்

வரலாறு இவ்வூரில் இத்துடன் நிற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் இவ்வூரிலேயே வாழ்ந்து சிவஞானபோதம் அருளினார். அவர் வழிபட்ட பொல்லாப்பிள்ளையாரை இன்றும் அடியார் அங்குத் தொழுகின்றனர். பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட அந்நூல் அமைந்த முறையைக் கருதுக. பொருளை மேற்கோளாக நிறுத்தி, அதற்கு ஏதுக் கூறி, எடுத்துக்காட்டால் வலியுறுத்திச் செல்கின்றது அது. கூறுவன யாவும் ஏதுவோடு கூறப்படுகின்றன. சபையின் முன் வைத்த வழக்கும் இவ்வாறே நடந்தது: கூற்று, அதற்குச் சான்று, சான்றுக்கு ஒப்பு. ஆட்சி, ஆவணம், காட்சி என மூன்று சான்று கேட்ட ஊரிலே, காட்சி, கருதல், உரை என மூன்றளவை கொள்ளும் சமயத்தின் முதனூல் பிறந்தது. இவ்விரு மும்மையும் ஒன்றென்று கூறவில்லை. ஒன்று உலகியல் வழக்குக்கு, மற்றொன்று மெய்ப்பொருளுக்கு. ஆயினும் இரண்டின் உள்ளத்தும் நிற்பது ஒரே மனப்பான்மை. உண்மை ஆராய்ச்சிக்கு அஞ்சாது என்னும் அதுவே.

ஆதலின், அன்பர்காள், நம் இளைஞர் வந்து சான்று கேட்பின் வெண்ணெய்நல்லூர்ச் சபையோரைப்போல் இருக்கை தந்து கேட்பீராக. நாயனார் வாக்கு இது, சேக்கிழார் விரிவு இது, கல்வெட்டுக் கூறுவது இது, நாம் கருத்தாற் கொள்வது இது எனப் பிரித்துக் காட்டுக. குறையுள்ளவிடத்துக் குறையென ஒப்புக. அங்ஙனம் செய்யின் அவர் கையிற் கிழிபடுவது படியோலையாகவே இருக்கும். மூலவோலை அருட்டுறை நாதன் திருக்கரத்தில் உளது. அதற்கு ஒருகாலும் அழிவில்லை.

திருச்சிற்றம்பலம்.